முப்புரிச் சுருள்

நுழையும்முன்

தென்னை நாரைத் திரித்துப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கயிறாக்குவது நம் ஊர்களின் பழந்தொழில். உயிர்களின் உடலும் இவ்வாறே தன் நுண்ணிய கயிறுகளை முறுக்கி வைத்திருக்கிறது. மரபுச்செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இருபுரிக் கயிறு, எலும்பையும் தோலையும் தசைநாணையும் தாங்கும் கொலாஜன் முப்புரிக் கயிறு. வெப்பம் மிகுந்தால் இவ்விரண்டும் பிரிகின்றன. அவற்றுள் முப்புரியின் வடிவத்தைச் சென்னையிலிருந்து உலகுக்கு அறிவித்தவர், திருச்சிராப்பள்ளியில் இயற்பியல் பயின்ற ஒருவர். அவரது வாழ்வையும் அவர் எழுப்பிய வினாக்களையும் இப்பாடம் கூறுகிறது.

ஆற்றிடைத் தீவும் மலைக்கோட்டையும்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் இரண்டாகப் பிரிகின்றன. பிரிந்த இரு கிளைகளுக்கும் நடுவே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. கல்லணையின் அருகே அவ்விரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. அத்தீவில் உள்ள திருவானைக்காவில்தான் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சர் சி.வி. இராமன் பிறந்தார். தீவுக்குத் தெற்கே, காவிரியின் மறுகரையில், மலைக்கோட்டைக்கும் தெப்பக்குளத்துக்கும் அண்மையில் தூய வளனார் கல்லூரி உள்ளது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்ற இக்கல்லூரி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது.

1939ஆம் ஆண்டில் இக்கல்லூரியின் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் பதினேழு வயதை எட்டும் நிலையிலிருந்த மாணவர் ஒருவர் சேர்ந்தார். அவர் பெயர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் அவர் பிறந்தார். முன்னோரின் ஊர் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த கோபாலசமுத்திரம். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். ஆகவே கணிதம் அம்மாணவருக்கு வீட்டிலேயே வாய்த்த செல்வமாயிற்று. ஒரு வடிவத்தைக் காணும்போதே அதனை எண்ணாகவும் கோணமாகவும் மாற்றிச் சிந்திக்கும் பழக்கம் அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. அவர் பிற்காலத்தில் செய்த பணிகள் அனைத்துக்கும் அப்பழக்கமே அடித்தளம்.

1942இல் இராமச்சந்திரன் ஆனர்ஸ் தேர்வில் முதன்மை பெற்றுத் தேர்ச்சியடைந்தார். திருச்சிராப்பள்ளியில் அவர் கழித்தவை மூன்று ஆண்டுகளே. எனினும் அடுத்து அவர் சென்று சேர்ந்த இடம், காவிரியின் மறுகரையில் பிறந்த இராமனின் ஆய்வுக்கூடமாக அமைந்தது.

துறை மாறிய மாணவர்

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இராமச்சந்திரன் முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்தவர் இராமன். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய விரிவுரைகள் இராமச்சந்திரனை ஈர்த்தன. மாணவரின் திறனை உணர்ந்த இராமன், மின்பொறியியல் துறைத் தலைவரிடம் தாமே பேசி, அவரைத் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். இராமனின் வழிகாட்டுதலில் படிகங்களின் ஒளியியலையும், அவற்றின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் அறியும் முறையையும் இராமச்சந்திரன் கற்றுத் தேர்ந்தார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது.

படிகத்தின் ஊடே எக்ஸ் கதிர் செல்லும்போது அணுக்களால் அது சிதறடிக்கப்படுகிறது. சிதறிய கதிர்கள் ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகவும் வளைகோடுகளாகவும் பதிகின்றன. அப்பதிவிலிருந்து அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைக் கணக்கிட்டறிவதே எக்ஸ் கதிர்ப் படிகவியல். நிழலைக் கண்டு பொருளை அறிவதற்கு இதனை ஒப்பிடலாம்.

1947 முதல் 1949 வரை இராமச்சந்திரன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிசு ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க வேதியியலர் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளை அவர் அங்கே கேட்டார். உயிர்ப்பொருள்களின் பெரு மூலக்கூறுகளையும் படிகங்களைப் போலவே ஆராயலாம் என்னும் எண்ணம் அக்காலத்தில்தான் வலுப்பெற்று வந்தது.

இருபுரியும் வெப்பமும்

இராமச்சந்திரன் கேவண்டிசு ஆய்வுக்கூடத்தை விட்டு வந்த நான்கு ஆண்டுகளில், அங்கிருந்த வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டனர். 1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அக்கட்டுரை வெளிவந்தது. இராமச்சந்திரனின் பணியைப் புரிந்துகொள்வதற்கு இந்த இருபுரிச் சுருளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

டி.என்.ஏ.யில் இரண்டு நீண்ட இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் சர்க்கரையாலும் பாஸ்பேட்டாலும் ஆன முதுகெலும்பைக் கொண்டது. அந்த முதுகெலும்பை இணைப்பவை வலிமை மிக்க சகப்பிணைப்புகள். இழையிலிருந்து உள்நோக்கி நீளும் காரங்கள் எதிரிழையின் காரங்களுடன் இணைகின்றன. அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைன் சைட்டோசினோடு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் சேர்கிறது. காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நாணய அடுக்கைப்போல அடுக்கப்பட்டிருப்பதால் எழும் ஈர்ப்பும் சுருளை உறுதியாக்குகிறது. இந்த ஈர்ப்பும் ஹைட்ரஜன் பிணைப்பும் தனித்தனியே மெலியவை. பலவாகச் சேரும்போது வலியவை.

வெப்பம் ஏற ஏற மூலக்கூறின் அதிர்வு மிகுகிறது. மெல்லிய பிணைப்புகள் அற்று இழைகள் விலகத் தொடங்குகின்றன. இரண்டே பிணைப்புகளால் இணைந்த அடினைன், தைமின் மிகுந்த பகுதிகள் முதலில் திறக்கின்றன. முக்கொம்பில் பிரிந்த ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே தீவு அமைந்திருப்பதைப்போல, விலகிய இழைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தோன்றுகிறது. வெப்பம் மேலும் ஏறினால் இடைவெளிகள் விரிந்து ஒன்றுசேர, இரு இழைகளும் முற்றிலும் பிரிகின்றன. இந்நிகழ்வுக்கு இயல்பிழத்தல் என்று பெயர். பாதி அளவு பிரிந்துள்ள நிலையின் வெப்பநிலையை உருகுவெப்பநிலை என்பர். குவானைன், சைட்டோசின் மிகுந்த டி.என்.ஏ.யின் உருகுவெப்பநிலை உயர்ந்திருக்கும். கரைசலில் உப்பு குறைந்தால் அது தாழும். பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதை உப்பின் நேர் அயனிகளே தணித்து வைத்திருந்தன.

பிரிவதைக் கண்ணால் காண இயலாது, ஒளியைக்கொண்டு அளக்கலாம். பிரிந்த இழைகள் 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை முன்னினும் ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதியாக உறிஞ்சுகின்றன. இங்கே கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இவ்வளவு வெப்பத்திலும் இழைகளின் முதுகெலும்பு அறுபடுவதில்லை. எழுத்துகளின் வரிசையும் மாறுவதில்லை. ஆகவே மெல்லக் குளிரவிட்டால், ஒவ்வோர் இழையும் தனக்குரிய இணையைக் கண்டு மீண்டும் சுருளாகிறது. பாலிமரேஸ் சங்கிலி வினை இவ்வியல்பின்மேல் அமைந்ததே. ஏறத்தாழ 95 செல்சியஸ் வெப்பத்தில் இழைகளைப் பிரித்து, பின் குளிர்வித்துப் புதிய இழைகளை வளர்த்து, அதே சுழற்சியைப் பன்முறை நிகழ்த்தி, ஒரு சிறு துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்குகின்றனர். கொரோனாத் தொற்றுக் காலத்தில் நம் ஊர் மருத்துவமனைகளில் செய்யப்பட்ட பரிசோதனை இம்முறையைச் சார்ந்ததே.

இருபுரிச் சுருளின் வடிவம் வெளியான காலத்தில், முப்புரிச் சுருளின் வடிவம் இன்னும் புதிராகவே இருந்தது.

சென்னைக்கு வந்த வினா

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நிறுவத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் விரும்பினார். இராமனின் பரிந்துரையின்பேரில், 1952இல் இராமச்சந்திரன் அத்துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. கிண்டியில் அமைந்த அப்புதிய துறைக்குக் கருவிகள் முதல் ஆய்வாளர்கள் வரை எல்லாவற்றையும் அவரே திரட்ட வேண்டியிருந்தது.

அந்நாளில் சென்னைக்கு வருகை தந்த ஆங்கிலேய அறிவியலர் ஜே.டி. பெர்னால், உரையாடலின் இடையே கொலாஜனைப் பற்றிக் குறிப்பிட்டார். பல அறிஞர்கள் முயன்றும் அதன் வடிவம் தெளிவாகவில்லை என்பதே அவர் கூறியதன் சாரம். விலங்குடலின் புரதங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொலாஜனே. அவ்வளவு மிகுதியாக உள்ள ஒன்றின் வடிவத்தை உலகம் அறியாதிருந்தது.

தோல் என்பது பெரிதும் கொலாஜனே. தோலை ஆராய்வதற்கென 1948இல் நிறுவப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் அண்மையிலேயே இருந்தது. அங்குப் பணியாற்றிய ஒய். நாயுடம்மா, கங்காருவின் வால் தசைநாணை ஆய்வுக்குக் கொடுத்து உதவினார். அந்நாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் சீராக அடுக்கப்பட்டிருந்தமையால் தெளிவான எக்ஸ் கதிர்ப் பதிவுகள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளர் இராமச்சந்திரனுக்குத் துணை நின்றார்.

முப்புரியின் வடிவம்

இராமச்சந்திரன் எக்ஸ் கதிர்ப் பதிவோடு, கொலாஜனின் வேதியியற் செய்திகளையும் சேர்த்து எண்ணினார். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசினாக இருந்தது. கிளைசினே அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. மூன்றுக்கு ஒன்று வீதம் அது வருவதற்கு வடிவத்தில்தான் காரணம் இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். மூன்று இழைகள் அருகருகே அமைந்து, ஒவ்வோர் இழையிலும் ஒவ்வொரு மூன்றாம் இடமும் உள்நோக்கித் திரும்பினால், நடுவில் உள்ள நெருக்கமான இடத்தில் கிளைசினைத் தவிர வேறெதுவும் அடங்காது. எண்ணிக்கையும் வடிவமும் இவ்வாறு ஒன்றையொன்று விளக்கின.

1954இல் மூன்று சுருளிழைகள் இணைந்த மாதிரியை இராமச்சந்திரனும் கர்த்தாவும் நேச்சர் இதழில் வெளியிட்டனர். 1955இல் அதனைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினர். ஒவ்வோர் இழையும் இடப்புறமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுகுகின்றன. கயிறு திரிப்போர் நாரை ஒரு திசையில் திரித்துப் புரியாக்கி, புரிகளை எதிர்த்திசையில் முறுக்குவர். அவ்வாறு முறுக்கிய கயிறு எளிதில் அவிழாது. தசைநாண் இழுவிசையைத் தாங்குவதற்கும் இத்தகைய முறுக்கே துணைசெய்கிறது. அவ்வடிவத்தை ஆய்வுலகம் சென்னைச் சுருள் என்று அழைத்தது.

நடுவிடத்தின் நெருக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஒரு நோயே சான்று. மரபுப்பிறழ்ச்சியால் ஒரு கிளைசினின் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் அமைந்தால் முப்புரி சரிவர உருவாவதில்லை. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோய்க்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

கண்டனத்திலிருந்து பிறந்த வரைபடம்

அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிசு கிரிக்கும் கொலாஜனுக்கு ஒரு வடிவத்தை வெளியிட்டனர். டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட அதே கிரிக்தான் இவர். முறுக்கிய முப்புரி என்னும் அடிப்படையில் இரு வடிவங்களும் ஒத்திருந்தன. ஆனால், ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் இழைகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதாகச் சென்னை மாதிரி கூறியது. ஒன்றுதான் இருக்க இயலும் என்பது கேம்பிரிட்ஜின் முடிவு. இரண்டு அமைந்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடும் என்று அவர்கள் குறை கூறினர். முப்புரியை முதலில் கண்டவர் என்னும் பெருமையும் மேலைநாட்டு நூல்கள் பலவற்றில் சென்னைக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

புதிதாகத் தோன்றிய ஒரு துறைக்கும் அதன் இளம் தலைவருக்கும் இது எளிய சோதனையன்று. இராமச்சந்திரன் சிறிது காலம் படிகவியல் முறைகளில் கருத்தைச் செலுத்தினார். பின்னர் அக்கண்டனத்துக்குள்ளேயே ஒரு வினா மறைந்திருப்பதைக் கண்டார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்றால், நெருங்கத் தகும் அளவு எது? அதனை அதுவரை எவரும் முறையாகத் தொகுக்கவில்லை. ஆகவே வடிவம் அறியப்பட்ட பல படிகங்களிலிருந்து அணுக்களுக்கிடையே உள்ள தொலைவுகளைத் திரட்டும் பணி தொடங்கியது. வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் இப்பணியில் இராமச்சந்திரனுடன் இணைந்தனர்.

புரத இழையில் ஒவ்வோர் அமினோ அமிலத்தின் அருகிலும் இரண்டு பிணைப்புகள் சுழலத்தக்கவை. அச்சுழற்சிக் கோணங்களை ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிப்பர். இவ்விரு கோணங்களும் தெரிந்தால் இழையின் போக்கு முழுவதையும் கூறிவிடலாம். ஒரு கோணத்தைக் கிடையச்சிலும் மற்றதைச் செங்குத்தச்சிலும் கொண்டு, அணுக்கள் முட்டிக்கொள்ளாத இடங்களை மட்டும் அவர்கள் குறித்தனர். இன்றுள்ளதுபோன்ற கணினி வசதி இல்லாத காலம் அது. கணக்கீட்டின் சுமை மிகப் பெரிது. முடிவில் வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமையாக நின்றது. சில தீவுகளே அனுமதிக்கப்பட்ட பகுதிகளாக எஞ்சின. அதுவரை அறியப்பட்ட புரதச் சுருள்களும் தாள் வடிவங்களும் அத்தீவுகளுக்குள்ளேயே அமைந்தன.

1963இல் வெளியான அவ்வரைபடம் இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்குகிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் எதுவாயினும், அது சரியானதா என்று சோதிக்க இவ்வரைபடத்தில் இட்டுப் பார்ப்பது இன்றும் வழக்கம். ஒரு மாதிரியின் குறையைச் சுட்டிய கண்டனம், எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் அளவுகோலாக இவ்வாறு மாறியது.

வெப்பம் தந்த சான்று

முப்புரி எதனால் நிலைத்து நிற்கிறது என்னும் வினா அதன் பின்னும் தொடர்ந்தது. அதற்கு விடை தேட வெப்பம் துணைபுரிந்தது.

ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்க வைத்து எடுத்த சாறு, ஆறியதும் பசைபோல் உறைவதை நாம் அறிவோம். கொதிக்கும் நீரில் கொலாஜனின் மூன்று இழைகளும் பிரிகின்றன. பிரிந்த இழைகளே ஜெலட்டின். குளிரும்போது அவை மீண்டும் இணைய முயல்கின்றன. டி.என்.ஏ.யின் இழைகளுக்கு எழுத்து வரிசை வழிகாட்டுகிறது. கொலாஜன் இழைகளுக்கு அத்தகைய வழிகாட்டி இல்லை. உடலில் முப்புரி உருவாகும்போது இழைகளின் நுனியில் உள்ள சிறப்புப் பகுதிகள் மூன்றையும் நேராகச் சேர்த்து வைக்கின்றன. பணி முடிந்தபின் அப்பகுதிகள் நீக்கப்படுகின்றன. ஆகவே ஜெலட்டினின் இழைகள் கண்ட இடத்தில், கண்ட இழையோடு சிறு சிறு துண்டுகளாகப் பின்னிக்கொள்கின்றன. அப்பின்னல் வலைக்குள் நீர் சிறைப்படுவதால் சாறு உறைகிறது. பழைய முப்புரி முழுமையாகத் திரும்புவதில்லை.

தோல் தொழிலிலும் இதே உண்மை வேறு பெயரில் வழங்குகிறது. பச்சைத்தோலை நீரிலிட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 செல்சியஸில் திடீரெனச் சுருங்கும். முப்புரிகள் குலைவதே அச்சுருக்கம். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதப்படுத்திய தோல் அதனினும் கூடிய வெப்பத்தைத் தாங்கும். குரோமிய உப்பால் நன்கு பதப்படுத்திய தோல் கொதிநீரையும் தாங்கும். இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகளை ஏற்படுத்தி, வெப்பத்துக்கு ஈடுகொடுக்கச் செய்வதே பதப்படுத்தலின் பயன்களுள் ஒன்று.

உடலின் உள்ளேயும் இத்தகைய காப்பு ஒன்று தேவைப்படுகிறது. கொலாஜனில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. உயிரணு அதன் ஒரு பகுதியை ஹைட்ராக்சி புரோலினாக மாற்றுகிறது. அம்மாற்றம் நிகழாத கொலாஜனை 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, அது ஏறத்தாழ 24 செல்சியஸிலேயே பிரிந்தது. மாற்றம் நிகழ்ந்த கொலாஜன் ஏறத்தாழ 39 செல்சியஸ் வரை தாங்கியது. நம் உடல் வெப்பமோ 37 செல்சியஸ். இரண்டு எண்களுக்கும் இடையே உடல் வெப்பம் நிற்பதால், அச்சிறு மாற்றமே முப்புரியைக் காக்கிறது. அம்மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவை உணவில் அறவே இல்லாத பழங்காலக் கடற்பயணிகளுக்கு ஈறு குருதி கசிந்து, ஆறிய புண்ணும் திறந்ததன் காரணம் இதுவே. குளிர்கடலில் வாழும் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்சி புரோலின் குறைவு. அது 20 செல்சியஸுக்கும் கீழேயே பிரிந்துவிடுகிறது.

ஹைட்ராக்சி புரோலின் எவ்வாறு காக்கிறது? முப்புரியின் இழைகளை நீர் மூலக்கூறுகளும் பாலம்போல் இணைக்கின்றன என்று 1968இல் இராமச்சந்திரன் தம் குழுவினருடன் எடுத்துக்காட்டியிருந்தார். ஹைட்ராக்சி புரோலின் அப்பாலங்களை வலுப்படுத்துகிறது என்று 1973இல் மஞ்சு பன்சாலுடனும் ஆர்.எஸ். பட்நாகருடனும் கருதுகோள் ஒன்றை வெளியிட்டார். கொலாஜனைப் போன்ற சிறு புரதத் துண்டின் படிக வடிவம் 1994இல் மிகத் தெளிவாகக் கண்டறியப்பட்டது. நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு மும்மைக்கு ஒன்றே என்று அது காட்டியது; அவ்வகையில் கிரிக்கின் குழு கூறியது சரி. முப்புரியைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகளின் பின்னல் இருப்பதையும் அது காட்டியது. அவ்வகையில் சென்னையின் நோக்கு சரி. ஹைட்ராக்சி புரோலின் தன் வளையத்தின் வளைவைத் தக்க நிலையில் நிறுத்துவதாலும் உறுதி தருகிறது என்பது பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவு. ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்ப, வடிவம் தெளிவாகியது.

பிற்காலம்

சென்னைத் துறை 1963இலும் 1967இலும் பன்னாட்டுக் கருத்தரங்குகளை நடத்தியது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது தாம் கேட்ட பாலிங்கையே இராமச்சந்திரன் சென்னையில் விருந்தினராக வரவேற்றார். 1971இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையை நிறுவினார். அதே ஆண்டில் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளைக் கொண்டு உடலின் உட்புறத்தை மீட்டுருவாக்கும் கணித முறையை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் வழங்கும் சி.டி. ஸ்கேன் கருவியின் வளர்ச்சிக்கு அம்முறை உதவியது.

1961இல் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினர் தகுதியும், 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. கருநாடக இசையிலும் இந்தியத் தத்துவத்திலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. முதுமையில் நோய் அவரை வருத்தியது. 1998இல் துணைவியார் இராஜலட்சுமியை இழந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அவர் முதலில் வெளியிட்ட முப்புரி மாதிரியில் பிழை இருந்தது. பிழையைச் சுட்டியோர் புகழ் மிக்கவர்கள். அப்பிழையின் வேரைத் தேடிச் சென்றதால், ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர் எல்லாப் புரதங்களுக்கும் உரிய நெறியைக் கண்டவரானார். புரத வடிவங்களைக் கணினியே முன்கூட்டிக் கணித்துத் தரும் இக்காலத்திலும், அக்கணிப்பு 1963இல் கிண்டியில் வரையப்பட்ட அத்தீவுகளுக்குள் அமைகிறதா என்று சோதிப்பதுண்டு.

தெரிந்து தெளிவோம்

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இயற்பியல் துறை பலருடைய அறிவியல் வாழ்வுக்குத் தொடக்கமாக அமைந்தது. இராமச்சந்திரனுக்குப் பின் 1950களில் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமும், திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் அங்கு இயற்பியல் பயின்றனர்.

சொற்பொருள்

புரி – கயிற்றின் முறுக்கிய இழை. இயல்பிழத்தல் – வெப்பம் முதலியவற்றால் மூலக்கூறு தன் வடிவத்தை இழத்தல். நொதி – உயிர்வேதி வினையை விரைவுபடுத்தும் புரதம். மும்மை – மூன்று அமினோ அமிலங்களின் தொகுதி. கருதுகோள் – சோதித்து அறிவதற்காக முன்வைக்கும் கருத்து.

கற்பவை கற்றபின்

1. தென்னை நார்க் கயிற்றின் ஒரு துண்டைப் பிரித்து, புரிகளின் முறுக்குத் திசையையும் கயிற்றின் முறுக்குத் திசையையும் ஒப்பிட்டு வகுப்பறையில் விளக்குக.
2. உங்கள் மாவட்டத்தில் பிறந்த அல்லது பயின்ற அறிவியலர் ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

1. கொலாஜனில் மூன்றிலொரு பங்கு கிளைசினாக இருப்பதன் காரணம் யாது?
2. டி.என்.ஏ.யின் உருகுவெப்பநிலை என்றால் என்ன?

சிறுவினா

1. வெப்பத்தால் பிரிந்த டி.என்.ஏ. இழைகள் மீண்டும் இணைவதையும், ஜெலட்டின் உறைவதையும் ஒப்பிடுக.
2. வைட்டமின் சி குறைந்தால் ஈறுகளில் குருதி கசிவது ஏன்?

நெடுவினா

தம் ஆய்வின்மீது எழுந்த கண்டனத்தை இராமச்சந்திரன் எதிர்கொண்ட முறையைப் பாடப்பகுதிவழி விளக்குக.